ரெண்டு வீட்லயும் அழுகை, நடுவுல நம்ம சபை

வாசகர் கேள்வி: எங்க சர்ச் இருக்கிற ஏரியாவுல ஆறு மாசத்துல மூணு கத்திக்குத்து. போன மாசம் சர்ச்சுக்கு ரெண்டு தெரு தள்ளி 19 வயசு பையன் ஒருத்தனை குத்திக் கொன்னுட்டாங்க. சின்ன வயசுல எங்க சண்டே ஸ்கூலுக்கு வந்துட்டிருந்தவன். கைதானவங்கள்ல ஒருத்தன் எங்க சபையில இருக்கிற ஒரு அக்காவோட மகன். அந்த அக்கா அதுக்கப்புறம் சர்ச்சுக்கே வரல. பாஸ்டர் உபவாச ஜெபம் வைக்கலாம்ங்கறார், வாலிபர்கள் சமாதானப் பேரணி போகணும்ங்கறாங்க, மூப்பர்கள் காம்பவுண்ட் சுவரை உசத்தி கேமரா போட்டு சாயங்காலக் கூட்டத்தை நிறுத்தணும்ங்கறாங்க, சிலர் சபையையே வேற இடத்துக்கு மாத்திடலாம்னு பேசறாங்க. நான் செயலாளர், எல்லாத்தையும் மினிட்ஸ்ல எழுதிட்டே இருக்கேன், ஒண்ணும் நடக்கல. ஒரு சபையா நாங்க நிஜமாவே என்ன செய்யணும்?

அன்பான சகோதரிக்கு,

உங்க லெட்டரை நாலு தடவை படிச்சேன், ஒவ்வொரு தடவையும் ஒரே வரியிலதான் போய் நின்னேன். "அந்த அக்கா அதுக்கப்புறம் சர்ச்சுக்கே வரல." யாராவது போய்ப் பாத்தாங்களான்னு நீங்க எழுதல. செத்துப்போன பையனோட வீட்டுக்கும் அடக்கத்துக்கு அப்புறம் யாராவது போனாங்களான்னு எழுதல. போயிருந்தா கண்டிப்பா எழுதியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். ஒருவேளை போயிருந்தா என்னை மன்னிச்சுக்கோங்க.

நான் கவுன்சலர். கொலையில ஆளை இழந்த குடும்பங்களோட உக்காந்து பேசறதுதான் இத்தனை வருஷமா என் வேலை, நானும் ஒரு சபையில இருக்கிறவன்தான், அதனால ரெண்டு பக்கமும் தெரிஞ்சு சொல்றேன். உங்க கமிட்டியில வந்த யோசனை எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பாத்தா ஜெபம், பேரணி, சுவர், கேமரா, இடமாத்தம், எல்லாமே நாம என்ன நடத்தறது, நம்மள எப்படி காப்பாத்திக்கிறதுங்கறதைச் சுத்தியே இருக்கு. எதுவும் தப்புன்னு சொல்லல. ஆனா அந்த ரெண்டு வீட்டு வாசலுக்கும் போற வழி அதுல எதுலயும் இல்ல. நீங்க ஆரம்பிக்க வேண்டிய இடம் அந்த ரெண்டு வாசல்தான், மத்தது எல்லாம் அங்கேருந்துதான் வரும்.

ஆதியாகமம் 4ஆம் அதிகாரம், காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்ன கதை, உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்சிருக்கும். ஆபேலோட ரத்தம் பூமியிலேருந்து கூப்பிடுதுன்னு கர்த்தர் சொல்றார், அதாவது செத்தவன் பக்கம் நிக்கிறார், நடந்ததை மூடி மறைக்க விடல. அதே அதிகாரத்துல கொஞ்சம் கீழ வந்தா காயீனை யாரும் கொன்னுடக்கூடாதுன்னு அவன்மேல ஒரு அடையாளம் போடறார். தண்டனை உண்டு, ஆனா பழிக்குப் பழி அங்கேயே நிக்கணும். நம்ம பிரசங்கங்கள்ல முதல் பாதி வந்த அளவுக்கு இந்த ரெண்டாவது பாதி வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. உங்க சபைக்கு இப்ப ரெண்டும் வேணும், ஏன்னா ஆபேல் வீடும் காயீன் வீடும் உங்க ஏரியாவுலயே இருக்கு. (கோர்ட் தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்த அக்கா மகனை கொலைகாரன்னு சபையில யாரும் சொல்லக்கூடாதுங்கறதையும் இங்கயே சொல்லிடறேன், கைதாகியிருக்கான், அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும்.)

முதல்ல பையனைப் பறிகொடுத்த வீடு. அங்க போறவங்க கம்மியா பேசணும். வேதத்துல பிள்ளைங்களை எல்லாம் பறிகொடுத்த யோபுவோட சிநேகிதர்கள் பண்ணின ஒரே உருப்படியான காரியம் ஏழு ராத்திரி ஏழு பகல் ஒரு வார்த்தை பேசாம தரையில அவரோட உக்காந்திருந்தது, வாயைத் திறந்ததும்தான் எல்லாம் கெட்டுப்போச்சு. "தேவ சித்தம்", "கர்த்தர் கொடுத்தார் கர்த்தர் எடுத்தார்", "நல்ல இடத்துல இருக்கான்", இதெல்லாம் சொல்லாதீங்க. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு அப்பாகிட்ட "கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கும்"னு சொல்லிட்டேன், அவர் என்னை நிமிந்து பாத்து "என் பையனைக் குத்தறதுதான் அந்தத் திட்டமா"ன்னு கேட்டார். எனக்குப் பதில் இல்ல. "கர்த்தர் கொடுத்தார் கர்த்தர் எடுத்தார்"ங்கறது யோபு சொன்ன வார்த்தைதான், ஆனா யோபு தன் சொந்த வாயால சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவருக்குச் சொல்லல. இந்த வித்தியாசத்தை உங்க விசிட்டிங் டீமுக்கு தயவுசெஞ்சு சொல்லிக் கொடுங்க.

உலக சுகாதார நிறுவனம் 2011ல மனநல முதலுதவிக்குன்னு ஒரு கையேடு போட்டாங்க, அதோட சாரம் மூணே வார்த்தைதான்: பாருங்க, கேளுங்க, இணைச்சு விடுங்க. பாக்கறதுன்னா அந்த வீட்ல இப்ப என்ன அவசரம்னு பாக்கறது, அம்மா தூங்கறாங்களா, சின்னப் பிள்ளைங்களை யார் கவனிக்கிறாங்க, போலீஸ்லயும் ஆஸ்பத்திரியிலயும் பேப்பர் வேலைக்கு யார் அலையறாங்க. கேக்கறதுன்னா அவங்க பேசினா கேக்கறது, பேசலன்னா சும்மா இருக்கறது, என்ன நடந்துச்சுன்னு தோண்டித் தோண்டி விசாரிக்கக் கூடாது. இணைச்சு விடறதுன்னா வக்கீல், டாக்டர், அரசாங்க நிவாரணம், இவங்ககிட்ட கையப் புடிச்சு கூட்டிட்டுப் போறது. இதுக்கு யாரும் டிகிரி வாங்க வேண்டாம், உங்க சபையில இருக்கிற ரெண்டு மூணு பொறுமைசாலிகள் ஒரு நாள் பயிற்சியில கத்துக்கலாம்.

சபைகள் தோக்கற இடம் முதல் வாரம் இல்ல. முதல் வாரம் எல்லாரும் வருவாங்க, வீடு நிறைய கூட்டம் இருக்கும், சாப்பாடு வந்துட்டே இருக்கும். மூணாவது மாசம் கதவைத் தட்ட ஆள் இருக்காது. என்கிட்ட வர்ற அம்மாக்கள் நிறைய பேர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க, எல்லாரும் அவங்கவங்க வாழ்க்கைக்குத் திரும்பிட்டாங்க, என் வீட்டு கடிகாரம் மட்டும் நின்னுபோச்சுன்னு. அதனால செயலாளரா நீங்க ஒண்ணு செய்யலாம். மினிட்ஸ் புக்ல ஒரு பக்கம் ஒதுக்கி அந்தப் பையனோட பிறந்தநாள், வரப்போற கிறிஸ்மஸ், செத்த தேதி திரும்பி வர்ற நாள், ஒவ்வொரு கோர்ட் தேதி, எல்லாத்தையும் எழுதி ஒவ்வொரு தேதிக்கும் எதிர்ல யார் போறாங்கன்னு ஒரு பேர் போடுங்க. கோர்ட் தேதி ரொம்ப முக்கியம் சிஸ்டர். அந்த அம்மா தன் மகனுக்கு எத்தனை குத்து விழுந்துச்சுன்னு முன்னபின்ன தெரியாதவங்க வாயால கேட்டுட்டு உக்காந்திருப்பாங்க, அந்த பெஞ்சுல பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்.

இன்னொண்ணு, மன்னிப்பைப் பத்தி யாரும் அந்த வீட்ல வாயைத் திறக்கக்கூடாது. 2015 ஜூன் 17ஆம் தேதி அமெரிக்காவுல சார்ல்ஸ்டன்ங்கற ஊர்ல இமானுவேல் சர்ச்சுல வேதபாட வகுப்புல உக்காந்திருந்த ஒன்பது பேரை ஒரு வாலிபன் சுட்டுக் கொன்னான். ரெண்டே நாள்ல கோர்ட்ல செத்தவங்களோட சொந்தக்காரங்க சிலர் அவனைப் பாத்து உன்னை மன்னிக்கிறேன்னாங்க, உலகமே அதைப் பேசுச்சு. ஆனா எல்லா குடும்பமும் அப்படிச் சொல்லல, என்னால இப்ப முடியலன்னு சொன்னவங்களும் அதே சபையைச் சேர்ந்தவங்கதான், சிலருக்கு அது வர்றதுக்கு வருஷக்கணக்காச்சு. முதல்ல சொன்னவங்க விசுவாசம் பெருசு மத்தவங்க விசுவாசம் சிறுசுன்னு அளக்க நமக்கு உரிமை இல்ல. மன்னிப்பு அந்த அம்மாவுக்குள்ள எப்ப வருதோ அப்ப வரட்டும், வராமலே போனாலும் அவங்க நம்ம சபையோட அம்மாதான். சாட்சி சொல்ல மேடையில ஏத்தாதீங்க, அவங்களா கேக்கற வரைக்கும்.

இப்ப அந்த அக்கா வீடு. இதுதான் உங்க சபைக்கு கஷ்டமா இருக்கும்னு தெரியும். அங்க போனா செத்தவன் குடும்பத்துக்கு துரோகம் பண்ற மாதிரி தோணும், ஊர் என்ன சொல்லும்னு தோணும். 2006 அக்டோபர் 2ஆம் தேதி அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல நிக்கல் மைன்ஸ்ங்கற இடத்துல, ஆமிஷ்ங்கற எளிமையா வாழற கிறிஸ்தவப் பிரிவு ஜனங்களோட சின்ன பள்ளிக்கூடத்துல ஒருத்தன் புகுந்து பத்து சின்னப் பொண்ணுங்களைச் சுட்டான், அஞ்சு பிள்ளைங்க செத்துட்டாங்க, அவனும் தன்னைத்தானே சுட்டுக்கிட்டான். பிள்ளைங்களைப் பறிகொடுத்த அந்த சமுதாயத்து ஆளுங்க அன்னைக்கே அவன் குடும்பத்து வீட்டுக்குப் போய் பேசினாங்க, அவன் அடக்கத்துக்குப் போய் நின்னாங்க, அவன் பொண்டாட்டி பிள்ளைங்களுக்காகவும் பணம் ஒதுக்கினாங்க. அவன் செஞ்சதை அவங்க நியாயப்படுத்தல. அவனோட அம்மாவும் பொண்டாட்டியும் எதையும் செய்யலங்கறதை புரிஞ்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். உங்க அக்காவும் யாரையும் குத்தல. ஆனா மகனை ஒரு விதத்துல அவங்களும் இழந்திருக்காங்க, அதுக்கு அழக்கூட அவங்களுக்கு அனுமதி இல்ல, யாரும் துக்கம் விசாரிக்க வரமாட்டாங்க, கடைத்தெருவுல தலை நிமிந்து நடக்க முடியாது. 88ஆம் சங்கீதத்தோட கடைசி வசனத்தை எடுத்துப் படிங்க, சிநேகிதனும் தோழனும் தூரமாயிட்டாங்க, அறிமுகமானவங்க மறைஞ்சுபோயிட்டாங்கன்னு அப்படியே முடிஞ்சிடுது, மத்த நிறைய சங்கீதங்கள் மாதிரி கடைசியில ஒரு துதி கூட வரல. அந்த அக்காவோட நிலைமை இன்னைக்கு அந்த வசனம்தான், மறைஞ்சுபோன அறிமுகமானவங்க நாமதான்.

ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஆள் போகாதீங்க. இதை கண்டிப்பா சொல்றேன். இங்க கேட்டதை அங்க சொல்லிட்டாங்களோன்னு ஒரு சின்ன சந்தேகம் வந்தாலே ரெண்டு கதவும் மூடிக்கும். ரெண்டு பேர் அந்த வீட்டுக்கு, வேற ரெண்டு பேர் இந்த வீட்டுக்கு, பாஸ்டர் மட்டும் ரெண்டு இடத்துக்கும் போகட்டும், போறதை ரெண்டு வீட்லயும் மறைக்காம முன்னாடியே சொல்லிட்டுப் போகட்டும்.

சரி, வீடுகளுக்கு வெளிய என்னங்கறதுக்கு வரேன். உங்க ஏரியாவுல இப்ப ரொம்ப பயப்பட வேண்டியது அடுத்த கொலை, அது பெரும்பாலும் இந்தக் கொலைக்கு பதிலாதான் வரும். செத்த பையனோட அண்ணன் தம்பி, கூட்டாளிகள் யாராவது இப்ப எங்கயோ உக்காந்து பேசிட்டிருப்பாங்க. கேரி ஸ்லட்கின்னு ஒரு டாக்டர், காசநோய் காலரா எய்ட்ஸ்னு தொற்றுநோய்ல வேலை செஞ்சவர், வன்முறையும் தொற்றுநோய் மாதிரி ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் பரவுது, அப்ப பரவற இடத்துல நிறுத்தணும்னு சொல்லி 2000ல சிகாகோவுல ஒரு வேலையை ஆரம்பிச்சார். அதுல முக்கியமான ஆளுங்க அந்தத் தெருவுலயே வளந்து, சிலர் ஜெயிலுக்கும் போய் வந்து, மனசு மாறினவங்க, ஒரு குத்து நடந்த உடனே காயம்பட்டவனோட கூட்டாளிகள்கிட்ட போய் உக்காந்து கோபம் ஆறுற வரைக்கும் கூடவே இருக்கறது அவங்க வேலை. அவங்க பேச்சு எடுபடறதுக்குக் காரணம் அவங்க யாருங்கறதுதான். டை கட்டின மூப்பர் போய் சொன்னா அந்தப் பசங்க கேக்கமாட்டாங்க. ஆனா உங்க சபையில பழைய வாழ்க்கையை விட்டு வந்தவர் யாராவது இருப்பார், வருஷம் ஒருக்கா சாட்சி சொல்லச் சொல்லிட்டு மத்த நாள் கடைசி பெஞ்சுல விட்டிருப்பீங்க. அவரைக் கூப்பிட்டுப் பேசுங்க. வேதத்துல அபிகாயில், தன் புருஷன் அவமானப்படுத்தினதுக்குப் பழிவாங்க தாவீதும் 400 பேரும் பட்டயத்தோட வர்ற வழியில போய் நின்னு கோபத்தை ஆத்தினாளே, அவளுக்கு ரெண்டு பக்கத்தையும் தெரியும், தன் புருஷன் எப்படிப்பட்டவன்னும் தெரியும், தாவீது நாளைக்கு எதுக்கு வருத்தப்படுவார்னும் தெரியும். அப்படி தெரிஞ்ச ஆள்தான் வேணும்.

அதுக்காக கத்தி எடுத்துட்டு நிக்கிற இடத்துல யாரும் போய் குறுக்க நிக்கக் கூடாது. தனியா போகக் கூடாது, எங்க போறோம்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுப் போகணும், உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா போலீஸைக் கூப்பிடறதுல எந்த விசுவாசக் குறைச்சலும் இல்ல. பாஸ்டர்கிட்ட ஒரு பையன் வந்து நான் அவனைப் போடப்போறேன்னு சொன்னா அது ரகசியம்னு வச்சுக்க முடியாது. "நீ சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், ஆனா ஒரு உயிரோ ஒரு குழந்தையோ ஆபத்துல இருந்தா சொல்லித்தான் ஆவேன்"னு முதல்லயே சொல்லிப் பழகணும். அதே சமயம் சர்ச்சை போலீஸோட உளவு ஆபீஸாவும் ஆக்கிடாதீங்க, ஒரு தடவை அப்படி பேர் வந்துட்டா எந்தப் பையனும் உங்க வாசப்படி மிதிக்கமாட்டான். தேடப்படறவனை ஒளிச்சு வைக்கவும் கூடாது, வக்கீலோட கூட்டிட்டுப் போய் சரணடைய வைக்கலாம், அவனோடயே போகலாம்.

அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல நடந்ததை உங்க பாஸ்டர்கிட்ட சொல்லுங்க, அவருக்குப் பிரயோஜனமா இருக்கும். 1992 மே மாசம் அங்க மார்னிங் ஸ்டார்ங்கற பாப்டிஸ்ட் சர்ச்சுல கொலையான ஒரு வாலிபனோட அடக்க ஆராதனை நடந்துட்டிருக்கு, நடுவுல ஒரு கும்பல் உள்ள வந்து அங்க இருந்த இன்னொரு பையனை எல்லார் கண்ணு முன்னாடியும் குத்தினாங்க, சர்ச்சுக்குள்ளயே. அதுக்கப்புறம்தான் அந்த ஊர் போதகர்கள் சிலர், யூஜின் ரிவர்ஸ், ரே ஹேமண்ட், ஜெஃப்ரி பிரவுன் இவங்கல்லாம் சேர்ந்து பத்து அம்சத் திட்டம்னு ஒண்ணு போட்டு டென்பாயிண்ட் கூட்டணியை ஆரம்பிச்சாங்க. நாலு சுவத்துக்குள்ள பிரசங்கம் பண்றதை மட்டும் வச்சுக்கிட்டா போதாதுன்னு ராத்திரி நேரத்துல தெருவுல நடக்க ஆரம்பிச்சாங்க. பசங்க முதல்ல நம்பல, தூரத்துல இருந்தே கவனிச்சாங்க, இவங்க வாரா வாரம் வராங்களா இல்ல போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்களான்னு. விடாம வந்ததைப் பாத்துத்தான் பேச ஆரம்பிச்சாங்க. அங்க ஆராய்ச்சி பண்ணினவங்க கண்டுபிடிச்ச ஒரு விஷயம் உங்களுக்கும் உதவும், சுமார் 1,300 பேர், 61 கும்பல், அந்த ஊர் வாலிபர்கள்ல 1 சதவீதம் கூட இல்ல, ஆனா வாலிபர் கொலைகள்ல குறைஞ்சது 60 சதவீதத்துக்கு அவங்கதான் காரணம். 1996ல போலீஸ், தெருவுல வேலை செய்யற சமூக சேவகர்கள், நன்னடத்தை அதிகாரிகள், போதகர்கள் எல்லாரும் ஒரே மேஜையில உக்காந்து அந்தக் கொஞ்ச பேர்கிட்ட நேராவே போய் நீ உயிரோட இருக்கணும், உனக்கு என்ன உதவி வேணும், ஆனா இனி சுட்டா விடமாட்டோம்னு சொன்னாங்க. வாலிபர் கொலை மாசக்கணக்குல பாத்தா 63 சதவீதம் குறைஞ்சதா அந்த ஆய்வு சொல்லுது. போதகர்கள் மட்டுமே சாதிச்சது இல்ல, எல்லாரும் சேர்ந்ததுனால நடந்தது. அப்புறம் சில வருஷத்துல கூட்டணி தளர்ந்துச்சு, கொலைகளும் மறுபடி ஏறுச்சு. இதையும் சேத்தே சொல்லுங்க, ஏன்னா நம்ம சபைகள் ஆரம்பிக்கிற வேகத்துல பாதி கூட தொடர்றதுல இருக்காது.

இதுலேருந்து உங்களுக்கு வர்ற வேலை என்னன்னா மொத்த ஏரியாவையும் திருத்தப் போறோம்னு கிளம்பாம ஒரு பத்து பதினஞ்சு பேரைத் தெரிஞ்சுக்கணும், பேர் சொல்லி. அவன் யார் மகன், படிப்பை எப்ப விட்டான், வேலை ஏதாவது இருக்கா, யார் பேச்சைக் கேப்பான். அதுல பாதிப் பேர் உங்க சண்டே ஸ்கூல் பழைய ரெஜிஸ்டர்லயே இருப்பாங்கன்னு எனக்குத் தோணுது, அந்தச் செத்த பையன் இருந்த மாதிரி. எந்த வயசுல வர்றதை நிறுத்தினாங்கன்னு பாருங்க, நிறுத்தினப்ப யார் போய்க் கேட்டாங்கன்னும் பாருங்க.

பேரணி பத்தி வாலிபர்கள் கோவிச்சுக்கலன்னா சொல்றேன், இப்ப வேண்டாம். அந்த ரெண்டு அம்மாக்களையும் கேக்காம செத்த பையனோட போட்டோவை பேனர்ல போட்டு தெருவுல தூக்கிட்டுப் போகாதீங்க. சில மாசம் கழிச்சு அந்தப் பையனோட அம்மாவே வரேன்னு சொன்னா அப்ப போங்க, ஸ்பீக்கர் இல்லாம, கொல்லப்பட்ட இடத்துல நின்னு அவன் பேரைச் சொல்லி ஜெபிச்சுட்டு வாங்க. வேதத்துல ரிஸ்பாள்ங்கற அம்மா, கொல்லப்பட்ட தன் பிள்ளைங்களோட உடல் பக்கத்துல சாக்குத் துணியை விரிச்சு அறுப்புக் காலத்துலேருந்து மழை வர்ற வரைக்கும் பறவையும் மிருகமும் தொடாம காத்திருந்தா, ஒரு வார்த்தை கூட பேசினதா வேதத்துல இல்ல, ஆனா அது ராஜா காதுக்குப் போய் எட்டுச்சு.

உபவாச ஜெபம் தாராளமா வைங்க, ஆனா பொதுவா "வன்முறை ஆவி விலகணும்"னு மட்டும் ஜெபிக்காதீங்க. சங்கீதத்துல மூணுல ஒரு பங்கு கிட்டத்தட்ட புலம்பல், நம்ம ஆராதனையில அதுக்கு இடமே இல்லாம போச்சு, வந்த உடனே துதி, முடியற வரைக்கும் துதி. ஒரு ஞாயிறு முழுசா புலம்பறதுக்கு விடுங்க. குடும்பத்துகிட்ட கேட்டுட்டு அவன் பேரைச் சொல்லுங்க. சண்டே ஸ்கூல் பிள்ளைங்களும் கேள்வி கேப்பாங்க, ரத்தம் கத்தின்னு படம் வரைவாங்க, சிலது ராத்திரி படுக்கையை நனைக்கும், மிரட்டாம கேட்டுக்கங்க, ஒரு மாசத்துக்கு மேலயும் தூக்கம் கெட்டு பயந்துட்டே இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

சுவரும் கேமராவும் தேவைன்னா போட்டுக்கங்க, பிள்ளைங்க வர்ற இடம் பாதுகாப்பா இருக்கணும், அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா சாயங்காலக் கூட்டத்தை நிறுத்தாதீங்க. குத்து நடந்தது எந்த நேரம், எந்த நாள்னு மூணு சம்பவத்தையும் எழுதிப் பாருங்க, அந்த நேரத்துல உங்க ஹால் பூட்டியா இருக்குன்னா அதைத்தான் மாத்தணும். லைட் போட்டு கதவைத் திறந்து வைங்க, பசங்க உக்காந்து படிக்கவோ விளையாடவோ ரெண்டு பெரியவங்க கூட இருந்தா போதும். பக்கத்துல குப்பை கொட்டிக் கிடக்கிற காலி இடம் ஏதாவது இருந்தா சொந்தக்காரர்கிட்ட அனுமதி வாங்கி சுத்தம் பண்ணுங்க. அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல 541 காலி மனைகளை எடுத்து, குலுக்கல் முறையில சிலதை சுத்தம் பண்ணி புல்லு போட்டு மரம் நட்டு சின்ன வேலி கட்டினாங்க, சிலதை அப்படியே விட்டாங்க, ரெண்டையும் ஒப்பிட்டு 2018ல ஆய்வு வெளிவந்துச்சு, ஏழைங்க இருக்கிற பகுதிகள்ல சுத்தம் பண்ணின இடங்களைச் சுத்தி துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. வாலிபர்களுக்கு பேரணிக்குப் பதிலா இந்த வேலையைக் கொடுங்களேன்.

சபையை வேற இடத்துக்கு மாத்தறதைப் பத்தி எரேமியா 29:7 தவிர நான் சொல்ல ஒண்ணும் இல்ல. ஜனங்க எந்தப் பட்டணத்துக்குச் சிறைபட்டுப் போனாங்களோ அந்தப் பட்டணத்தோட சமாதானத்தைத் தேடுங்கன்னு கர்த்தர் சொன்னாரே, கிளம்பி வாங்கன்னா சொன்னார்?

ஒண்ணு நீங்க கேக்கல, ஆனா கேக்காததையும் சொல்லணும். தெருவுல நடக்கிறது மட்டும்தான் வன்முறைன்னு நினைச்சா சபை பாதிதான் பாக்குது. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி உலகத்துல மூணுல ஒரு பொண்ணு தன் வாழ்நாள்ல அடியோ பாலியல் கொடுமையோ பட்டிருக்கா, பெரும்பாலும் புருஷன் கையாலயோ துணைவன் கையாலயோ. உங்க பெஞ்சுலயும் இருக்காங்க சிஸ்டர். அந்தப் பொண்ணு பாஸ்டர்கிட்ட வந்து அழும்போது "அனுசரிச்சுப் போம்மா, ஜெபம் பண்ணு"ன்னு அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினா அந்த வீட்ல வளர்ற பையன் கை ஓங்கறவன்தான் ஜெயிப்பான்னு தினமும் கத்துக்கறான். நான் பாத்த எத்தனையோ வாலிபர்கள் கத்தி எடுக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே வீட்டுக்குள்ள அதைக் கத்துக்கிட்டவங்க. புருஷனையும் பொண்டாட்டியையும் ஒண்ணா உக்கார வச்சு சமரசம் பேசாதீங்க, அவன் முன்னாடி அவ உண்மையைப் பேச முடியாது, பேசினா வீட்டுக்குப் போனதும் அடி விழும். அவளைத் தனியா பாருங்க, பாதுகாப்பான இடம் இருக்கான்னு பாருங்க, அடிக்கிறவனை மேடையில பொறுப்புல வச்சிருந்தா இறக்குங்க. ஒரு ஞாயிறு பிரசங்கத்துல வீட்ல அடிக்கிறது பாவம்னு பாஸ்டர் வாயால தெளிவா வரட்டும், அடுத்த வாரமே யாராவது ஒருத்தி வந்து பேசுவா, அப்ப என்ன செய்யணும்னு முன்னாடியே தயாரா இருங்க.

மத்த மதத்துக்காரங்களை விட்டுட்டு இதைச் செய்ய முடியாது. லைபீரியாவுல உள்நாட்டுப் போர் நடந்தப்ப லூத்தரன் சபையோட மனக்காய சிகிச்சைத் திட்டத்துல வேலை செஞ்ச லேமா போவீங்கற பொண்ணு கிறிஸ்தவப் பொண்ணுங்களையும் முஸ்லிம் பொண்ணுங்களையும் சேத்து 2003ல வெள்ளை டிரஸ்ல வெயில்லயும் மழையிலயும் தெரு ஓரம் உக்கார வச்சாங்க, அந்த வருஷமே ஆகஸ்ட்ல சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, 2011ல அவங்களுக்கு நோபல் பரிசு கிடைச்சுது. அது சபைக்கு ஆள் சேக்கறதுக்கு நடந்தது இல்ல. நீங்களும் இதை சுவிசேஷக் கூட்டமா மாத்திடாதீங்க, துக்க வீட்ல கைப்பிரதி கொடுக்காதீங்க. அக்கம்பக்கத்து அம்மாக்கள் எல்லாருக்கும் பயம் ஒண்ணுதான், என் மகன் ராத்திரி வீட்டுக்கு வருவானான்னு.

உங்க பாஸ்டரையும் கவனிங்க. ரெண்டு வீட்டுக்கும் போய் வர்ற மனுஷன் யார்கிட்டயும் எதையும் சொல்ல முடியாம உள்ளயே வச்சுக்குவார், தூக்கம் போகும், எரிச்சல் வரும். மாசத்துக்கு ஒரு தடவையாவது வெளியாள் ஒருத்தர்கிட்ட அவர் மனசு விட்டுப் பேச ஏற்பாடு பண்ணுங்க, வாரத்துல ஒரு நாள் போனை வேற யாராவது எடுக்கட்டும்.

இந்த வாரம் என்ன செய்யறதுன்னு கேப்பீங்க. கமிட்டி முடிவுக்காக காத்திருக்காதீங்க, இதுக்கு தீர்மானம் நிறைவேத்த வேண்டியது இல்ல. உங்களுக்கு நம்பிக்கையான இன்னொரு சிஸ்டரைக் கூட்டிட்டு அந்த அக்கா வீட்டுக்குப் போங்க, அதே நாள் வேற ரெண்டு பேர் பையனோட அம்மாவைப் பாக்கப் போகட்டும். பைபிளைப் பைக்குள்ளயே வச்சுக்கங்க, கேட்டா எடுங்க. அவன் பண்ணினானா இல்லையான்னு பேச்சே வேண்டாம், உங்களைப் பாக்க வந்தோம்க்கான்னு மட்டும் சொல்லுங்க. கதவைத் திறக்கமாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன், முதல் தடவை நிறைய பேர் திறக்கறது இல்ல. உள்ள ஆள் இருக்கறது தெரிஞ்சும் திறக்கலன்னா கோவப்படாதீங்க, ஓயாம தட்டாதீங்க, வெளிய நின்னே உங்க பேரைச் சொல்லி, "வியாழக்கிழமை மறுபடி வரோம்க்கா"ன்னு சொல்லிட்டு வாங்க. வியாழக்கிழமை போங்க.